15 ஆண்டு சம்பளம் வாங்காத கணித மேதை
ஜெர்மன் பெண்ணின் வியப்பூட்டும் வாழ்க்கை

1–ந்தேதி சம்பளம் வராவிட்டால் நமக்குக் கையும் ஓடாது, காலும் ஓடாது. ஒரு பெண் 15 ஆண்டுகள் சம்பளமே இல்லாமல் வேலை பார்த்தார். அதுவும் உலகத்து அல்ஜீப்ராவையே மாற்றிப்போட்ட வேலை!

அவர் பெயர் எம்மி நோதர்.

ஜெர்மனியில் எர்லாங்கன் நகரில் 1882–ம் ஆண்டு மார்ச் 23–ந்தேதி பிறந்தார். யூதக் குடும்பம். தந்தை மாக்ஸ் நோதர் கணிதப் பேராசிரியர்.

எம்மி முதலில் ஆங்கிலம், பிரெஞ்சு சொல்லிக்கொடுக்கும் டீச்சர் வேலைக்குப் பரீட்சை எழுதி பாஸ் செய்தார். அந்த வேலைக்குப் போயிருந்தால் மாதம் பிறந்தால் பணம் வந்திருக்கும். ஆனால் மனசு கணக்கில்தான் இருந்தது.

1000 பேரில் இருவர்

அப்போது அந்தப் பல்கலைக்கழகத்தில் பெண்களைச் சேர்ப்பதில்லை. பேராசிரியர் சம்மதித்தால் வகுப்பில் உட்கார்ந்து கேட்கலாம், அவ்வளவுதான். சுமார் 1,000 பேர் படித்த இடத்தில் பெண்கள் 2 பேர். அதில் ஒருவர் எம்மி.

பிறகு தடை நீங்கியது. 1907–ல் டாக்டர் பட்டம் வாங்கினார். பட்டம் வந்தது; வேலை வரவில்லை. தந்தைக்கு உடம்பு முடியாதபோது அவருக்குப் பதிலாகப் பாடம் நடத்தினார். ஆராய்ச்சிக் கட்டுரைகள் எழுதினார். கைக்கு ஒரு காசு வரவில்லை.

வகுப்பு ஒருவர் பெயரில்

1915–ல் கணித மேதைகள் ஹில்பர்ட், கிளைன் இருவரும் அவரைக் கோட்டிங்கன் பல்கலைக்கழகத்துக்கு அழைத்தார்கள். அங்கே சில பேராசிரியர்கள் குறுக்கே நின்றார்கள். போர்முனையில் இருந்து திரும்பும் சிப்பாய்கள் ஒரு பெண்ணிடமா படிப்பது என்பது அவர்கள் வாதம்.

ஹில்பர்ட் சண்டை போட்டுப் பார்த்தார். பலிக்கவில்லை. பிறகு ஒரு வழி செய்தார். வகுப்பு அவர் பெயரில் அறிவிக்கப்படும். பாடம் நடத்துவது எம்மி!

1918–ல் எம்மி ஒரு பெரிய உண்மையை நிரூபித்தார். இயற்கை விதிகள் இன்று போலவே நாளையும் இருக்கும் என்றால், சக்தி அழியாது, புதிதாக முளைக்கவும் செய்யாது. இந்த இரண்டும் ஒன்றோடொன்று கட்டுப்பட்டவை என்று கணக்குப் போட்டுக் காட்டினார். ஐன்ஸ்டீனே வியந்தார்.

பாடம் நடத்த 1919–ல்தான் முறையான அனுமதி கிடைத்தது. முதல் சம்பளம் 1923–ல். வயது 41. அதுவும் சொற்பம். விலைவாசி ஏறி, ஜெர்மன் பணம் வெறும் காகிதமாகிப்போன ஆண்டு அது!

72–ல் ஒரு பாடம்

1921–ல் வந்த கட்டுரைதான் அவர் பெயரை நிலைநிறுத்தியது.

72–ஐ எடுத்துக்கொள்ளுங்கள். அதை வகுக்கும் எண் 36. அதை வகுப்பது 12. பிறகு 6, 3, 1. எந்த வழியில் இறங்கினாலும் சில படிகளில் நின்றுவிடும். எங்காவது நின்றே தீரும் என்ற இந்த ஒரு குணத்தை எம்மி பிடித்துக்கொண்டார். எண்களுக்கு மட்டும் அல்ல, வேறு பல கணித அமைப்புகளுக்கும் அது ஒன்றை வைத்தே விடை கண்டார். இந்தக் குணம் உள்ள அமைப்புக்கு நோதர் வளையம் என்று பெயர்.

ஓர் ஆராய்ச்சியை எத்தனை பேர் மேற்கோள் காட்டுகிறார்கள் என்று எண்ணி அதன் மதிப்பைச் சொல்வது இன்றைய வழக்கம். அந்த எண்ணிக்கையில் எம்மி அடங்க மாட்டார். பங்க்கில் டீசல் கேட்கிறவர், டீசல் என்ற பெயரில் ஒரு ஆள் இருந்ததை நினைப்பதில்லை. அதுபோல நோதர் என்பதும் கணிதத்தில் சாதாரணச் சொல்லாகிவிட்டது. கட்டுரையின் பெயரைக் குறிப்பிடாமலே எழுதுகிறார்கள்.

தனக்குத் தோன்றியதை மாணவர்களுக்கு வாரிக் கொடுப்பார். அவர்கள் பெயரில் அது அச்சாகும். இவருடைய வகுப்பையும் ஆர்ட்டின் என்பவருடைய வகுப்பையும் வைத்து, வான் டெர் வார்டன் 1930–31–ல் 2 பாகமாக ஒரு அல்ஜீப்ரா புத்தகம் எழுதினார். ஒரு தலைமுறையே அதைப் படித்து வளர்ந்தது.

ஹிட்லர் வந்தார்

1933–ல் ஹிட்லர் ஆட்சி யூதர்களின் சீட்டைக் கிழித்தது. எம்மி வேலையும் போனது. அவர் அசரவில்லை. மாணவர்களை வீட்டுக்கு வரவழைத்துப் பாடம் நடத்தினார்.

அந்த ஆண்டு இறுதியில் அமெரிக்கா போனார். பிரின் மார் என்ற பெண்கள் கல்லூரியில் மதிப்பும் கிடைத்தது, சம்பளமும் கிடைத்தது. அனுபவிக்கக் கொடுத்துவைக்கவில்லை. ஆபரேஷன் நடந்த சில நாளில், 1935 ஏப்ரல் 14–ந்தேதி இறந்தார். வயது 53.

ஜெர்மனியில் முழுப் பேராசிரியர் பதவி அவருக்குக் கடைசிவரை கிடைக்கவில்லை. அதை மறுத்தவர்கள் யார் யார் என்று இன்று கேட்பார் இல்லை. எம்மியின் பெயரைச் சொல்லாமல் அல்ஜீப்ரா பாடம் நடத்த முடியாது!