டொக்டர் கிறீன்: மானிப்பாயில் ஓர் ஆஸ்பத்திரியும் ஒரு மொழியும்

எமது ஊர்களில் ஒரு தனவந்தர் ஸதகதுல் ஜாரியாவாக வைத்தியத்துறைக்கு ஏதாவது செய்ய விரும்பினால், பெரும்பாலும் கட்டடம் ஒன்றுதான் கேட்கப்படும். அடிக்கல் நடப்படும், மாபிளில் பெயர் பொறிக்கப்படும், திறப்பு விழாவும் நடக்கும். அதற்குப் பிறகுதான் அங்கே இருத்துவதற்கு ஒரு டொக்டரும் இரண்டு தாதியரும் தேடி மகஜர் எழுதத் தொடங்குவோம். நியமனம் கிடைத்து வருபவரும் வந்த நாளிலிருந்தே இடமாற்றத்துக்கு வழி பார்ப்பார். அவரை முழுதாகக் குறை சொல்லவும் முடியாது. அவரது ஊர் வேறு, பிள்ளைகளின் பாடசாலை வேறு.

இதே தலையிடி 160 வருடங்களுக்கு முன்னர் யாழ்ப்பாணத்தில் ஓர் அமெரிக்கருக்கும் வந்தது. அவர்தான் மானிப்பாய் ஆஸ்பத்திரியைத் தொடங்கிய டொக்டர் சாமுவேல் பிஸ்க் கிறீன். வடக்கில் அவரை அறியாதவர்கள் குறைவு. எமது பிள்ளைகளில் அவரை அறிந்தவர்கள் குறைவு.

கிறீன் 1822ஆம் ஆண்டு ஒக்டோபர் 10ஆம் திகதி அமெரிக்காவின் மசசூசெட்ஸ் மாநிலத்திலுள்ள வூஸ்டரில் பிறந்தார். பெரிய குடும்பம். அவரது சகோதரர்களுள் ஒருவரான அன்ட்ரூ கிறீன் பிற்காலத்தில் இன்றைய நியூயோர்க் மாநகரம் ஒன்றிணைக்கப்படுவதற்கு முன்னின்று உழைத்தவர். சாமுவேல் 1845இல் நியூயோர்க்கில் வைத்தியப் பட்டம் பெற்றார். அங்கேயே தொழில் செய்திருந்தால் வசதியாக வாழ்ந்திருக்கலாம். அவரோ அமெரிக்கன் மிஷனில் சேர்ந்து கப்பலேறி, 1847 ஒக்டோபரில் யாழ்ப்பாணம் வந்து சேர்ந்தார். அப்போது அவருக்கு ஏறக்குறைய 25 வயது.

அந்த மிஷனுக்கு அவர் முதல் வைத்தியர் அல்லர். 1820களில் பண்டத்தரிப்பில் ஜோன் ஸ்கடர் வைத்தியம் பார்த்திருக்கிறார். பிற்காலத்தில் வேலூர் ஆஸ்பத்திரியை நிறுவிய ஐடா ஸ்கடர் அவருடைய பேத்தி. ஆனால் ஒரு கிராமத்தில் நிலையாக ஊன்றி, நோயாளரைப் பார்ப்பதோடு வைத்தியர்களையும் உருவாக்கும் இடமாக ஓர் ஆஸ்பத்திரியை நடத்தியது கிறீன்தான். வட்டுக்கோட்டையில் சில காலம் இருந்துவிட்டு, 1848இல் யாழ்ப்பாணப் பட்டினத்திலிருந்து சில மைல் தூரத்திலுள்ள மானிப்பாய்க்கு வந்தார். மிஷன் பணத்தையும் நன்கொடைகளையும் கொண்டு காரியத்தை ஆரம்பித்தார்.

வந்த அடுத்த வருடமே மூன்று மாணவர்களைச் சேர்த்துக்கொண்டு வைத்திய வகுப்பைத் தொடங்கிவிட்டார் என்பதை இங்கே கவனிக்க வேண்டும். ஆஸ்பத்திரியை ஒழுங்காக நிறுத்திவிட்டுப் பிறகு பார்ப்போம் என்று அவர் காத்திருக்கவில்லை. காலையில் நோயாளரைப் பார்க்கும்போது மாணவர்களும் பக்கத்தில் நின்றார்கள். மருந்து கலந்தார்கள், புண்ணுக்குக் கட்டுப் போட்டார்கள், சத்திர சிகிச்சைக்குக் கைகொடுத்தார்கள். கொழும்பில் அரசாங்க வைத்தியக் கல்லூரி 1870இல்தான் ஆரம்பமானது. அதற்கு 22 வருடங்கள் முந்தியே மானிப்பாயில் மேலைத்தேய வைத்தியம் கற்பிக்கப்பட்டிருக்கிறது. 1850இல் அரசாங்க அதிபர் டைக்கின் முயற்சியால் யாழ்ப்பாணத்தில் ஏழைகளுக்கென ஓர் ஆஸ்பத்திரி தொடங்கப்பட்டபோது அதற்கும் கிறீனும் அவரிடம் படித்தவர்களும் துணை நின்றார்கள். இன்றைய யாழ்ப்பாணம் போதனா வைத்தியசாலையின் வேர் அதுதான். கொலரா குடாநாட்டை வாரிய காலங்களில் வீடு வீடாகப் போய் மருந்து கொடுத்தவர்களும் இந்த மாணவர்கள்தான்.

ஒரு விடயத்தை மறைக்காமல் சொல்லிவிட வேண்டும். கிறீன் தனது மதத்தைப் பரப்பும் நோக்கத்தோடு வந்தவர். மருந்துக்காகக் காத்திருந்தவர்கள் முதலில் பிரசங்கம் கேட்க வேண்டியிருந்தது. நோயில் வாடுபவனிடம் அப்படிச் செய்வது சரியா என்ற கேள்வி எனக்கும் உண்டு. ஆனால் அதைக் காரணம் காட்டி அவர் செய்த மற்ற வேலையைப் பார்க்க மறுப்பது எமது மரபு அல்ல. 9ஆம் நூற்றாண்டில் பக்தாதில் ஜாலீனூஸின் வைத்திய நூல்களை அரபிக்குக் கொண்டுவந்த ஹுனைன் இப்னு இஸ்ஹாக் ஒரு கிறிஸ்தவர். அந்த மொழிபெயர்ப்புகள் அரபியில் போட்ட பாதையில் நடந்துதான் பின்னால் வந்த இப்னு ஸீனா தனது கானூனை எழுதினார்.

கிறீனின் வாழ்க்கையில் எனக்கு மிகப் பெரிதாகப் படுவதும் மொழி பற்றிய அவரது முடிவுதான். முதல் பத்து வருடங்கள் அவர் ஆங்கிலத்தில்தான் படிப்பித்தார். படித்து முடித்தவர்கள் கெட்டிக்காரர்களாகவும் இருந்தார்கள். ஆனால் ஆங்கிலம் தெரிந்த ஒரு வைத்தியருக்கு அரசாங்கத்தில் உத்தியோகம் காத்திருந்தது, வெளியிடங்களில் கூடிய சம்பளம் காத்திருந்தது. மானிப்பாயிலோ சண்டிலிப்பாயிலோ இருந்து ஏழை விவசாயியிடம் காசு வாங்காமல் மருந்து கொடுக்க அவருக்கு என்ன அவசியம்? வட்டுக்கோட்டை செமினரியும் ஏறக்குறைய இதே காரணத்தால்தான் 1855இல் மூடப்பட்டது. மாணவர்கள் ஆங்கிலத்துக்காகவும் அது தரும் உத்தியோகத்துக்காகவுமே வருகிறார்கள் என்று மிஷனின் மேலிடம் கருதியது.

உடல்நலம் கெட்டு 1857இல் அமெரிக்கா சென்ற கிறீன், 1862இல் திருமணம் முடித்து மனைவியோடு திரும்பி வந்தார். 1864இல் வைத்தியக் கல்வியை முழுமையாகத் தமிழுக்கு மாற்றினார். தமிழில் படித்தவர் தமிழ் பேசும் கிராமத்தில் நிற்பார், தன் மொழியில் நோயாளிக்கு விளக்குவார் என்பதே அவரது கணக்கு. மாணவர்கள் உடையிலும் பழக்கத்திலும் வெள்ளைக்காரரைப் போல் மாறுவதையும் அவர் விரும்பவில்லை. மிஷன் பாடசாலைகளில் பிள்ளைகளுக்கு அமெரிக்க நன்கொடையாளர்களின் பெயர் சூட்டும் வழக்கம் இருந்த காலம் அது. டான்வர்த், சாப்மன் என்றெல்லாம் அவரது மாணவர்களின் பெயர்கள் இருந்ததற்குக் காரணமும் அதுதான்.

முடிவெடுப்பது இலகு. புத்தகம் எங்கே? இருதயத்தின் அறைகளுக்கும் நரம்பின் கிளைகளுக்கும் தமிழில் பெயர் சொல்ல வேண்டுமே! கிறீன் இதற்கென்று ஒரு முறை வைத்திருந்தார். முதலில் தமிழ் நூல்களில் தேடுவார். இல்லாவிட்டால் வடமொழியில் பார்ப்பார். அங்கும் கிடைக்காவிட்டால் ஆங்கிலச் சொல்லையே தமிழ் எழுத்தில் எழுதிவிடுவார். பழைய மாணவர்கள் மொழிபெயர்க்க, அவர் திருத்தினார். 1850களிலேயே பிரசவ வைத்திய நூலொன்று வெளிவந்திருந்தது. 1867இல் இரண வைத்தியம் வந்தது. கிரேயின் நூல் உட்பட ஆங்கில உடற்கூற்று நூல்களைத் தழுவிய மனுஷ அங்காதிபாதமும், வைத்தியாகரமும் 1872இல் வந்தன. 1875இல் கெமிஸ்தம் வந்தது. எல்லாமாக 4000 பக்கங்களைத் தாண்டும். இவற்றோடு கலைச்சொல் பட்டியல்களும் அச்சிடப்பட்டன.

கெமிஸ்தம் என்று இன்று சொன்னால் எனது வகுப்பில் பிள்ளைகள் சிரிப்பார்கள். அவர்களுக்கு அது இரசாயனவியல். அவருடைய சொற்களில் பல வழக்கொழிந்துவிட்டன. சிரித்துவிட்டுப் போகட்டும். ஆனால் தமிழில் விஞ்ஞானம் படிக்க முடியுமா என்று எவரும் கேட்காமல் உயர்தர வகுப்புக்குள் நுழைகின்ற வசதி, ஒரு ஆள் இரவிரவாக விளக்கு வெளிச்சத்தில் உட்கார்ந்து சொல் தேடியதில் தொடங்கியிருக்கிறது. இந்நாட்டில் தமிழ் மொழிமூலம் படித்து வைத்தியராகின்ற முஸ்லிம் பிள்ளையும் அந்த வசதியை அனுபவிப்பவர்தான்.

அவரது கணக்கு முழுதும் பலித்தது என்று சொல்ல மாட்டேன். கொழும்புக் கல்லூரி ஆங்கிலத்தில் படிப்பித்தது, அங்கு படித்தவருக்கு அரசாங்கத்தில் இடம் இருந்தது. தமிழில் படித்தவருக்கு அந்த மதிப்புக் கிடைக்கவில்லை. கிறீன் போன பிறகு தமிழ் வகுப்பு நீண்ட காலம் நிலைக்கவில்லை. ஆனாலும் அவர் காலத்தில் 60க்கும் மேற்பட்ட வைத்தியர்கள் மானிப்பாயில் உருவானார்கள். அவர்களில் ஏறத்தாழ பாதிப் பேர் தமிழில் படித்தவர்கள். ஓர் ஆஸ்பத்திரியில் வெள்ளைக்கார டொக்டர் ஒருவர் மட்டும் இருந்திருந்தால் அவர் கப்பலேறிய அன்றே கதவு மூடப்பட்டிருக்கும். 1873இல் உடல் தளர்ந்து அவர் ஊர் திரும்பியபோது மானிப்பாயில் கதவு மூடப்படவில்லை. அவர் பெயரிலேயே அந்த வைத்தியசாலை இன்றும் அங்கே இருக்கிறது.

வூஸ்டருக்குத் திரும்பிய பின்னரும் வேலை நிற்கவில்லை. தமிழ் பேசுவோர் எவருமில்லாத ஊரில் இருந்துகொண்டு தமிழ்ப் பிரதிகளைத் திருத்தினார். கையெழுத்துப் பிரதிகள் கடல் கடந்து போய் வந்தன. உடற்றொழில்களை விளக்கும் மனுஷ சுகரணம் 1883இல் வெளிவந்தது. மருந்துச் சரக்குகளைப் பற்றிய நூல் 1884இல் வந்தது. அவ்வாண்டு மே 28ஆம் திகதி அவர் இறந்தார். தன் கல்லறையில் என்ன எழுத வேண்டும் என்பதை முன்னரே சொல்லி வைத்திருந்தார். அந்த அமெரிக்க மயானத்தில் அவருடைய கல், அவரைத் தமிழர்களுக்கான வைத்திய ஊழியர் என்று சொல்கிறது.