காந்தி படம் எடுத்தவர் கொலைகாரன் ஆனார்!

"காந்தி" படத்தை எடுத்த ரிச்சர்டு அட்டன்பரோவை எல்லோருக்கும் தெரியும். அதற்கு முன்பு அவர் ஒரு படுபாவிக் கொலைகாரனாக நடித்தார். அந்த வேஷத்துக்குப் பின்னால் ஒரு சோகக் கதை உண்டு.

அட்டன்பரோ 1923-ம் ஆண்டு இங்கிலாந்தில் கேம்பிரிட்ஜ் நகரில் பிறந்தார். 1942-ல் சினிமாவுக்கு வந்தார்.

மாடி வீட்டு வாலிபர்

லண்டனில் ரில்லிங்டன் பிளேஸ் என்ற சந்து. 10-ம் நம்பர் வீட்டின் கீழ்ப் பகுதியில் ஜான் கிறிஸ்டி குடியிருந்தான். யுத்த காலத்தில் போலீஸ் வேலை பார்த்தவன். சாது மாதிரி மெதுவாகப் பேசுவான்.

மாடியில் திமோதி எவன்ஸ் என்ற வாலிபர். சரியாக எழுதப் படிக்கத் தெரியாதவர். 1949-ல் அவருடைய மனைவியும் கைக்குழந்தையும் கொலை செய்யப்பட்டுக் கிடந்தனர். கிறிஸ்டிதான் கொன்றான் என்று எவன்ஸ் கதறினார். யார் கேட்டார்கள்? அரசு தரப்பு சாட்சியாகக் கோர்ட்டில் வந்து நின்றவனே கிறிஸ்டிதான்!

1950 மார்ச் 9-ந் தேதி எவன்சைத் தூக்கில் போட்டுவிட்டார்கள்.

சுவருக்குள் பிணங்கள்

3 வருடம் கழித்து கிறிஸ்டி வீட்டைக் காலி செய்தான். சமையல்கட்டுச் சுவரில் ஒட்டியிருந்த காகிதத்தைக் கிழித்துப் பார்த்தால், உள்ளே 3 பெண்களின் பிணங்கள்! எவன்சின் மனைவியைக் கொன்றதையும் கிறிஸ்டி ஒப்புக்கொண்டான். 1953 ஜூலை 15-ந் தேதி அவனும் தூக்கில் தொங்கினான்.

1966-ல் எவன்சுக்கு அரசாங்கம் மன்னிப்பு வழங்கியது. போன உயிர் வருமா?

ஆளே மாறினார்

இந்தக் கதை 1971-ல் படமாக வந்தது. கிறிஸ்டி வேஷம் அட்டன்பரோவுக்கு. மேக்கப்பில் வழுக்கைத் தலை, மூக்குக் கண்ணாடி, காதோடு பேசுவது போன்ற குரல். பார்த்தவர்களுக்கு அடையாளமே தெரியவில்லை. அதே சந்தில்தான் ஷூட்டிங் நடந்தது. பிறகு அந்தச் சந்தையே இடித்துத் தள்ளிவிட்டார்கள்.

எவன்ஸ், கிறிஸ்டி இருவரையும் தூக்கில் போட்டவர் ஒரே ஆள்தான். அவர் பெயர் ஆல்பர்ட் பியர்பாயிண்ட். படத்தில் தூக்குக் காட்சிக்கு யோசனை சொன்னவரும் அவரே!

ஏன் நடித்தார்?

இந்த வேஷம் அட்டன்பரோவுக்குக் கொஞ்சமும் பிடிக்கவில்லை. ஆனாலும் உடனே சம்மதித்தார். கொலைக்குத் தூக்குத் தண்டனையை இங்கிலாந்து 1965-ல் நிறுத்தியது. 1969-ல் அதை நிரந்தரமாக்கியது. மறுபடியும் தூக்கு வேண்டும் என்று சிலர் கூச்சல் போட்டனர். குற்றம் செய்யாதவன் கழுத்திலும் கயிறு விழும் என்று ஊருக்குக் காட்டவே அட்டன்பரோ நடித்தார்.

1982-ல் அவர் எடுத்த "காந்தி" படம் 8 ஆஸ்கார் பரிசுகளை அள்ளியது. 2014 ஆகஸ்டு 24-ந் தேதி, 90-வது வயதில் காலமானார். கொலைகாரன் வேஷம் போட்டதும் ஓர் உயிருக்காக. காந்தியைக் காட்டியதும் அகிம்சைக்காக!