கணக்குப் பிசகாத ரெட்டைமலையார்

எதையும் திரும்பத் திரும்பச் சரிபார்க்கிறவர்களை நம் ஊர்களில் கொஞ்சம் கேலியாகத்தான் பார்ப்பார்கள். ஒரு மனுவை நான்கு முறை எழுதிக் கிழிக்கிற பையனைப் பார்த்து, இவன் என்றைக்கு எழுதி என்றைக்குக் கொடுக்கப் போகிறான் என்று வீட்டிலேயே சிரிப்பார்கள். படித்தவர்கள் அந்தக் குணத்துக்குப் பெர்ஃபெக்‌ஷனிசம் என்று பெயர் வைத்து, அது ஏதோ வியாதி என்பதுபோலப் பேசுவார்கள். தாம்பரம், வண்டலூர், கூடுவாஞ்சேரி பக்கத்தில் பஞ்சமி நில மனுவோடு அலைகிறவர்களைக் கேட்டால் வேறு கதை சொல்வார்கள். சர்வே எண்ணில் உட்பிரிவு விடுபட்டால் மனு திரும்பி வரும். தாத்தாவின் பெயர் அ-பதிவேட்டில் ஒரு விதமாகவும் வாரிசுச் சான்றிதழில் இன்னொரு விதமாகவும் இருந்தால் இன்னும் ஆறு மாதம் ஓடும். நிலத்தின் விலை ஏற ஏற, நம் மனுவில் பிழை தேடும் கண்களும் கூடுகின்றன.

இதே செங்கல்பட்டு மண்ணில் பிறந்து, தப்பில்லாமல் எண்ணுவதையும் பிசகில்லாமல் எழுதுவதையும் போராட்ட முறையாகவே ஆக்கிக்கொண்ட ஒருவர் இருந்தார். அவர் இரட்டைமலை சீனிவாசன். அம்பேத்கரோடு வட்டமேசை மாநாட்டுக்குப் போனவர் என்ற அளவில் நம் மாணவர்களுக்கு அவரைத் தெரியும். அவர் எப்படி வேலை செய்தார் என்பதை நாம் அதிகம் பேசுவதில்லை.

மதுராந்தகம் அருகே உள்ள கோழியாளம் அவர் பிறந்த ஊர். பிறந்த ஆண்டை 1859 என்றும் எழுதுகிறார்கள், 1860 என்றும் எழுதுகிறார்கள். கணக்கில் அவ்வளவு கறாரான மனிதருக்குப் பிறந்த ஆண்டிலேயே ஒரு தகராறு! இரட்டைமலை என்பது பட்டமோ ஊர்ப் பெயரோ அல்ல, தந்தையின் பெயர். கோயம்புத்தூரில் படித்தார். அந்தக் கலாசாலையில் ஏறத்தாழ 400 மாணவர்கள். பத்துப் பேர் தவிர மற்ற எல்லாரும் பிராமணர்கள் என்று பிற்காலத்தில் அவரே பதிவு செய்திருக்கிறார். சாதி தெரிந்துவிடுமே என்ற அச்சத்தில் காலையில் வெளியே எங்காவது உட்கார்ந்து படித்துக்கொண்டிருந்துவிட்டு, மணி அடித்த பிறகே வகுப்புக்குள் நுழைவார். மாலையில் மற்ற பிள்ளைகள் கூட வந்துவிடாதபடி விறுவிறுவென்று நடந்து வீடு சேருவார். கூட விளையாட முடியாத அந்தத் துயரத்தை எண்பது வயதை நெருங்கியபோதும் அவர் மறக்கவில்லை. ஒவ்வோர் அடியையும் அளந்து வைக்க வேண்டியிருந்த அந்தப் பிள்ளைப் பருவத்தில்தான் அவருடைய கவனம் பழகியது என்று நமக்குத் தோன்றுகிறது.

படிப்பு முடிந்து நீலகிரியில் ஆங்கிலேய வியாபார நிறுவனத்தில் கணக்கராகச் சேர்ந்தார். பத்தாண்டு அந்த வேலை. கணக்கு வேலை பார்த்தவர்களுக்குத் தெரியும், காலணா உதைத்தாலும் அன்றைக்குப் பேரேட்டை மூட முடியாது. வரவு ஒரு பக்கம், செலவு ஒரு பக்கம், இரண்டும் நேராக வேண்டும். அந்தப் பழக்கத்தோடு 1890-இல் அவர் சென்னை வந்தார்.

வந்த உடனே மேடை ஏறவில்லை. ஊர் ஊராகப் போனார். நம் மக்களின் பழைய நிலை என்ன, இன்றைய நிலை என்ன, எந்த நூலில் எந்தச் சான்று கிடைக்கிறது என்று மூன்று ஆண்டு தேடினார். அதே காலத்தில்தான் செங்கல்பட்டு கலெக்டர் திரமென்ஹீர் இந்த மாவட்டத்துப் பறையர்களின் நிலை பற்றி 1891-இல் அறிக்கை எழுதினார். அதைத் தொடர்ந்து 1892-இல் நிலம் வழங்கும் அரசாணை வந்தது. அதைத்தான் இன்றைக்கு நாம் பஞ்சமி நிலம் என்கிறோம். ஏட்டில் ஏறிய விவரம் அரசாங்கத்தையே அசைக்கும் என்பதற்கு அந்தச் சில ஆண்டுகள் சாட்சி.

1893 அக்டோபர் 7 அன்று 'பறையன்' இதழின் முதல் எண் வெளிவந்தது. நான்கே பக்கம். இரண்டு நாளில் 400 பிரதிகள் தீர்ந்தன. மூன்று மாதத்தில் மாத இதழ் வார இதழானது. இரண்டு ஆண்டில் சொந்த அச்சகமும் வந்தது. பெயரைப் பற்றி அன்றைக்கே முணுமுணுப்பு இருந்தது. அவருடைய உறவினரான அயோத்திதாசப் பண்டிதர் அந்தச் சாதிப் பெயரையே ஏற்காதவர். சீனிவாசனோ, எந்தப் பெயரைச் சொல்லி நம்மை இழிவு செய்கிறார்களோ அந்தப் பெயரிலேயே நிமிர்ந்து நின்று உரிமை கேட்க வேண்டும் என்று நினைத்தார். இருவரில் யார் சரி என்ற விவாதம் நம் வீடுகளில் இன்றும் நடக்கிறது. நமக்குப் பண்டிதர் பக்கமே மனம் சாய்கிறது என்றாலும், சீனிவாசன் அந்தப் பெயரை யோசித்தே வைத்தார் என்பதில் சந்தேகமில்லை.

இவ்வளவு கவனமானவருக்கும் சறுக்கல் வந்தது. இதழில் வெளியான ஒரு வாசகர் கடிதத்துக்காக 1896-இல் அவர் மீது வழக்குப் போட்டார்கள். நீதிமன்றம் 100 ரூபாய் அபராதம் விதித்தது. அந்தக் காலத்து 100 ரூபாய்! அயோத்திதாசர் அப்போது அவருக்குத் துணை நின்றார். சீனிவாசன் இதழை மூடவில்லை. 1900 வரை வாரம் தவறாமல் நடத்தினார்.

இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும். டான் ஹமாசெக் என்ற அமெரிக்க உளவியலாளர் 1978-இல் இந்தக் குணத்தை இரண்டாகப் பிரித்துக் காட்டினார். உயர்ந்த அளவுகோலை வைத்துக்கொண்டு உழைப்பதில் மகிழ்ச்சி காண்பவர்கள் ஒரு வகை. தப்பு நேர்ந்துவிடுமோ என்ற பயத்திலேயே முடங்கிப் போகிறவர்கள் மற்றொரு வகை. நான்கு பக்கத்தில் தொடங்கத் துணிந்ததும், அபராதம் கட்டிவிட்டு அடுத்த வாரத்து இதழைக் கவனித்ததும் சீனிவாசனை முதல் வகையில் நிறுத்துகின்றன. நூறு பக்கம் தேறட்டும் என்று காத்திருந்தால் 'பறையன்' வந்தே இருக்காது.

அவருடைய குணம் முழுதாகத் தெரிகிற காரியம் 1893-இல் நடந்தது. ஐ.சி.எஸ். தேர்வை இங்கிலாந்தில் மட்டும் அல்லாமல் இந்தியாவிலும் நடத்த வேண்டும் என்று காங்கிரஸ் கேட்டது. பிரிட்டிஷ் பாராளுமன்றத்தின் கீழவையிலும் அதற்குச் சாதகமாகத் தீர்மானம் நிறைவேறியது. பள்ளிக்கூடத்துக்குள்ளேயே நம்மை விடாத நாட்டில் அந்தத் தேர்வை வைத்தால், கலெக்டரும் தாசில்தாரும் கர்ணமும் ஒரே தெருவிலிருந்து வருவார்கள் என்பது சீனிவாசனின் கணக்கு. இதை வைத்து அவரை வெள்ளையருக்கு வால் பிடித்தவர் என்று பேசுகிறவர்கள் இன்றும் உண்டு. அன்றைக்குச் சேரியிலிருந்து பார்த்தால் அந்தக் கணக்கில் தவறு தெரியாது.

பறையர் மகாஜன சபையின் பேரில் எதிர் மனு தயாரானது. 3,412 கையொப்பங்கள். மனுவின் நீளம் 112 அடி. ஜெனரல் ஜார்ஜ் செஸ்னி என்ற உறுப்பினர் வழியாக அது பாராளுமன்றத்துக்குப் போனது. மாணவர்கள் வகுத்துப் பார்க்கலாம், ஓர் அடிக்குச் சுமார் 30 பெயர். எழுத்தறிவே எட்டாத மக்களிடம், தொலைபேசி இல்லாத காலத்தில், 3,412 பேரைச் சேர்ப்பது எவ்வளவு நடை, எவ்வளவு பேச்சு என்று யோசித்துப் பாருங்கள். ஏராளமானோர் கையெழுத்திட்டனர் என்று சொல்லிவிட்டுப் போகிற ஆள் அல்ல அவர். எண்ணையும் நீளத்தையும் சேர்த்தே வரலாற்றில் வைத்துவிட்டுப் போயிருக்கிறார்.

1900-இல் இங்கிலாந்து போய் நேரில் முறையிடலாம் என்று கப்பல் ஏறினார். பயணம் அவரைத் தென்னாப்பிரிக்காவில் கொண்டு சேர்த்தது. அங்கே நீதிமன்ற மொழிபெயர்ப்பாளராக வேலை. ஒரு சொல் மாறினால் ஒருவர் சிறைக்குப் போகிற வேலை அது. காந்தி தமிழில் கையெழுத்துப் போட இவரிடம்தான் கற்றுக்கொண்டார் என்றும் சொல்வார்கள். ஏறத்தாழ இருபது ஆண்டுக்குப் பின் 1921-இல் ஊர் திரும்பினார். 1923-இல் சென்னைச் சட்டசபையில் இடம் கிடைத்தது.

அடுத்த ஆண்டு அவர் கொண்டுவந்த தீர்மானத்தை நம் பிள்ளைகள் ஒருமுறையாவது கவனமாகப் படிக்க வேண்டும். 1924 ஆகஸ்ட் 22 அன்று அவையில் நிறைவேறி, செப்டம்பர் 25 அன்று அரசாணையாக வந்தது அது. வைக்கத்தில் கோயிலைச் சுற்றிய தெருக்களுக்காகப் போராட்டம் நடந்துகொண்டிருந்த அதே ஆண்டு. ஒடுக்கப்பட்டோருக்குப் பொது இடங்கள் திறக்கப்பட வேண்டும் என்று பொத்தாம் பொதுவாக அது சொல்லவில்லை. சாலை, தெரு, நடைபாதை என்று தனித்தனியாகச் சொன்னது. நகரம், கிராமம் இரண்டையும் சொன்னது. அரசு அலுவலகம், கிணறு, குளம், பொதுமக்கள் கூடும் இடம், பொதுக் காரியம் நடக்கும் கட்டடம் என்று அடுக்கியது. சாதி இந்துக்களுக்கு எந்த அளவு உரிமையோ அதே அளவு என்றும் கட்டியது.

ஒவ்வொரு சொல்லுக்கும் பின்னால் ஓர் ஊர் அனுபவம் இருக்கிறது. சாலை என்று மட்டும் எழுதினால், இது சாலை அல்ல, எங்கள் தெரு என்பார்கள். தெரு என்று எழுதினால், இது வெறும் ஒற்றையடிப் பாதை என்பார்கள். அலுவலகம் அக்கிரகாரத்துக்குள் இருந்தால், அலுவலகத்துக்கு வா, தெருவுக்குள் வராதே என்பார்கள். ஒளிந்துகொள்ள ஒரு சந்துகூட விடாமல் எழுதியவரின் கை அது. ஆணை வந்த மறுநாளே கிணறுகள் திறந்துவிடவில்லை, நமக்குத் தெரியும். ஆனால் தடுத்தவன் அதற்குப் பிறகு அரசாணைக்கு எதிராக நின்றான். தடுக்கப்பட்டவர் கையில் காட்ட ஒரு தாள் இருந்தது.

1930-இல் லண்டன் வட்டமேசை மாநாடு. தாம் தீண்டப்படாதவர் என்பதை மறைக்காமல் காட்டிக்கொண்டு மன்னர் ஐந்தாம் ஜார்ஜின் முன் நின்றதும், மன்னர் கை கொடுத்ததும் மேடைதோறும் சொல்லப்படுகிற கதை. நாம் அதைவிடப் பெரிதாக நினைப்பது 1931 நவம்பர் 4 அன்று அம்பேத்கரும் இவரும் கையெழுத்திட்டுக் கொடுத்த கூடுதல் மனுவை. எந்தச் சபையில் எந்த விகிதத்தில் இடம் வேண்டும், தேர்தல் எந்த முறையில் நடக்க வேண்டும் என்று அது வரிசையாகச் சொல்கிறது. கடைசியில் பெயரையும் விடவில்லை. ஒடுக்கப்பட்ட வகுப்பார் என்று அழைப்பதே இழிவாக இருக்கிறது, மாற்றுங்கள் என்று கேட்டு மாற்றுப் பெயர்களையும் முன்வைத்தது. 1893-இல் பெயரில் தொடங்கியவர் 1931-இலும் பெயரில் வந்து நிற்கிறார்.

1939-இல் தம் வாழ்க்கையை எழுதினார். ஐம்பது ஆண்டுப் பொதுவாழ்க்கை, திவான் பகதூர் பட்டம், மூன்று கண்டப் பயணம். இன்னொருவராக இருந்தால் இரண்டு தொகுதி எழுதியிருப்பார். இவர் 'ஜீவிய சரித்திர சுருக்கம்' என்று தலைப்பிலேயே அளவைச் சொல்லிவிட்டு, மெல்லிய நூலாக முடித்துக்கொண்டார். 1945 செப்டம்பர் 18 அன்று காலமானார். கிண்டி காந்தி மண்டப வளாகத்தில் அவருக்கு நினைவு மண்டபம் இருக்கிறது. தாம்பரத்திலிருந்து மின்சார ரயிலில் கிண்டியில் இறங்கிப் போய்ப் பார்க்கலாம். அந்தச் சுருக்கத்தைக் கையில் எடுத்துப் போகிறவர்கள் 112 அடி மனு வரும் பக்கத்தை அங்கே உட்கார்ந்து ஒருமுறை படிக்கலாம்.