ஐந்து சென்ட்டுடன் வந்தவர்

பையில் வெறும் 5 சென்ட்டோடு முன்பின் தெரியாத நாட்டில் இறங்கினால் என்ன செய்வீர்கள்? 1874ல் நியூயார்க்கில் அப்படித்தான் வந்து இறங்கினான், மைக்கேல் பூப்பின். இன்றைய செர்பியாவிலுள்ள இட்வோர் கிராமத்துப் பையன்!

பண்ணை வேலை, பிஸ்கட் தொழிற்சாலை வேலை என்று வயிற்றைக் கழுவினான். படிக்க ஆசை, பணம்தான் இல்லை. எங்கே இலவசம் என்று தேடினான். பீட்டர் கூப்பர் என்ற தொழிலதிபர், உழைப்பாளிகளுக்காக 1859ல் துவக்கிய கூப்பர் யூனியன் இருந்தது. பகலில் பிஸ்கட்; இரவில் அங்கே பாடம்!

அடுத்து கொலம்பியா கல்லூரி. அங்கே கட்டணம் உண்டே! 1879ல் நுழைவுத்தேர்வில் அசத்தினான். கட்டணம் தள்ளுபடி ஆனது. பின்னாளில் அங்கேயே பேராசிரியரானார். தொலைபேசிக் குரல் நெடுந்தூரம் மங்காமல் செல்ல உதவும் கம்பிச்சுருளுக்கு, 1900ல் காப்புரிமை பெற்றார். 1935ல் மறைந்தார். கொலம்பியாவின் இயற்பியல் கட்டடத்துக்கு அவர் பெயர்தான்!