எல்லைக்கோட்டில் கார் செய்த மனிதர்



புத்தாண்டு மலருக்குப் பெரியவர் ஒருவரின் வாழ்க்கைக் கதை எழுதவேணும் எண்டால் புலவர் ஒருவரை, தலைவர் ஒருவரை எடுப்பதுதான் வழக்கம். நான் இரும்போடு சீவிக்கிறவன். ஏ.எல். படிப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன். இப்ப பாசலுக்குப் பக்கத்தில் ஒரு பாக்டறியில் லேத் மெஷினில் நிக்கிறன். அதனால் எனக்குத் தெரிந்த உலகத்திலிருந்தே ஒருவரை எடுத்திருக்கிறேன். அவர் பெயர் எத்தோரே புகாட்டி.

எங்கட பொடியள் போனிலும் வீடியோ கேமிலும் வாய் பிளந்து பார்க்கிற புகாட்டி கார் இவருடைய பேரைத்தான் சுமக்கிறது. அந்தப் பேருக்குப் பின்னால் நாடு மாறி, எல்லை மாறி, கடைசியில் கடவுச்சீட்டைக் காட்டியே சொத்துப் பறிக்கப்பட்ட ஒரு மனிதர் இருக்கிறார். அது கனபேருக்குத் தெரியாது.

எத்தோரே 1881ஆம் ஆண்டு செப்டெம்பர் 15ஆம் திகதி இத்தாலியின் மிலான் நகரில் பிறந்தார். தகப்பன் கார்லோ பேர்போன தளபாடக் கலைஞர். தம்பி ரெம்பிராண்ட் மிருகங்களைச் சிலை வடிப்பதில் பெரிய கெட்டிக்காரன். எத்தோரேயும் கலைதான் படிக்கப் போனார். ஆனால் மனம் மெஷினில் நின்றது. சைக்கிளும் மூன்று சில்லு வண்டியும் செய்கிற ஒரு கொம்பனியில் பதினேழு வயதளவில் வேலை பழகச் சேர்ந்தார். 1901இல் அவர் செய்த கார் மிலான் கண்காட்சியில் பரிசு வாங்கியது.

அதைப் பார்த்து அல்சாஸிலிருந்து டி டீட்ரிச் கொம்பனி அவரை வேலைக்குக் கூப்பிட்டது. 1902இல் அவர் அங்கே போனபோது சட்டப்படி வயது வராதவர். ஒப்பந்தத்தில் தகப்பன்தான் கையெழுத்து வைக்கவேண்டியிருந்தது. அல்சாஸ் இண்டைக்குப் பிரான்ஸ். ஆனால் 1871 தொடக்கம் அது ஜேர்மனியின் கையில் இருந்தது. ஆக, அந்த இத்தாலியப் பொடியன் குடியேறியது ஜேர்மன் மண்ணில்.

1909இல் ஸ்ட்ராஸ்பூர்க்கிலிருந்து கொஞ்சத் தூரத்தில் உள்ள மோல்ஸ்ஹைம் எண்ட சின்ன ஊரில், பழைய சாயத் தொழிற்சாலை ஒன்றை எடுத்துச் சொந்தமாகக் கார் செய்யத் தொடங்கினார். பாரமான பெரிய கார்தான் ஓடும் எண்டு எல்லாரும் நம்பிய காலம் அது. இவர் பாரம் குறைந்த சின்னக் காரைச் செய்தார். ஐந்து வருசத்தில் யுத்தம் வந்தது. 1914இல் குடும்பத்தோடு ஊரை விட்டு வெளிக்கிட்டார். வெளிக்கிட முதல், றேஸ் கார்களின் பாகங்களை மண்ணுக்குள் புதைத்து வைத்துவிட்டுப் போனார். வீட்டுச் சாமான் தாட்டுவிட்டு இடம்பெயர்ந்த எங்கட சனத்துக்கு இதை விளக்கத் தேவையில்லை. யுத்தத்துக்கு நடுவில், 1916இல், தம்பி ரெம்பிராண்ட் பாரிஸில் தற்கொலை செய்துகொண்டார்.

யுத்தம் முடிய எத்தோரே திரும்பி வந்தார். ஊர் அதே ஊர்தான். நாடுதான் மாறியிருந்தது. ஜேர்மனியில் தொடங்கின தொழிற்சாலை இப்ப பிரான்ஸில் இருந்தது. அவரோ இன்னும் இத்தாலியர். புகாட்டி கார்கள் 1921இல் இத்தாலியில் பிறேஷியா றேஸில் முதல் நாலு இடத்தையும் பிடித்தன.

1924இல் ரைப் 35 வந்தது. பழைய றேஸ் கார் பிரியர்கள் இண்டைக்கும் தலையில் வைத்துக் கொண்டாடுகிற கார் இதுதான். லியோனில் ஓடிய முதல் பந்தயத்தில் ரயர் சதி செய்தது. பிறகு சிசிலியில் நடக்கிற தார்கா புளோரியோ பந்தயத்தை 1925 தொடக்கம் 1929 வரை ஐந்து வருசமும் புகாட்டிதான் வென்றது. மெஷினில் நிக்கிறவன் கண்ணுக்கு இந்தக் கார் ஒரு விருந்து. சில்லு அலுமினியத்தில் வார்த்தது. பிறேக் டிறமும் சில்லோடயே சேர்ந்திருக்கும். முன் அக்சிலின் உள்பக்கம் வெறுமை. அதன் ஊடாகவே ஸ்பிறிங் நுழைந்து போகும். எஞ்சினின் பக்கங்கள் நேர்மட்டமாய்க் கண்ணாடி மாதிரி இருக்கும். அந்த மட்டத்தைக் கையாலேயே சுரண்டிச் சுரண்டி எடுத்தார்கள். கையில் ஸ்க்றேப்பர் பிடித்தவனுக்குத்தான் அதன் அருமை தெரியும்.

அவரிடம் பிடிவாதமும் இருந்தது. மற்றவர்கள் ஒயில் பிறேக்குக்கு மாறிய பிறகும் 1930களின் கடைசி வரை கேபிள் பிறேக்கை விடவில்லை. அரசர்களுக்கு விற்கலாம் எண்டு ரோயல் எண்ட ராட்சதக் காரைச் செய்தார். எஞ்சின் மாத்திரம் 12.7 லீற்றர். இருபத்தைந்து செய்ய நினைத்தார். உலகப் பொருளாதாரம் விழுந்த நேரம் அது. ஆறுதான் செய்யப்பட்டது. அதிலும் மூன்றுக்குத்தான் ஆள் கிடைத்தது. அரசர் ஒருவரும் வாங்கவில்லை. கடைசியில் அந்த எஞ்சின்களைப் போட்டு 1933 தொடக்கம் பிரெஞ்சு ரயில்வேக்கு வேக ரயில்பெட்டி செய்து கொடுத்துத்தான் தொழிற்சாலை பிழைத்தது.

மோல்ஸ்ஹைமில் அவர் ஒரு ஜமீன்தார் மாதிரி வாழ்ந்தார். குதிரை வளர்த்தார். வேலையாட்களைத் தன் குடும்பம் எண்டு நினைத்தார். ஆனால் குடும்பத்தலைவர் நினைக்கிறதும் பிள்ளைகள் நினைக்கிறதும் எப்பவும் ஒன்றில்லைத்தானே! 1936இல் பிரான்ஸ் முழுக்க வேலைநிறுத்தம் நடந்தபோது அவருடைய தொழிலாளர்களும் தொழிற்சாலையைப் பிடித்துக்கொண்டார்கள். அது அவருக்குப் பெரிய அடி. தொழிற்சாலையை மூத்த மகன் ஜோனிடம் விட்டுவிட்டுப் பாரிஸுக்குப் போய்விட்டார். அவருடைய மனவருத்தம் எனக்கு விளங்குகிறது. ஆனால் சம்பளமும் லீவும் கேட்டவர்களை நான் நன்றிகெட்டவர்கள் எண்டு எழுதமாட்டேன்.

ஜோன் தகப்பனை விஞ்சக்கூடிய பிள்ளை. ரைப் 57 கார்களின் அழகு அவருடைய கைவண்ணம். 1939 ஜூனில் புகாட்டி லு மான் 24 மணித்தியாலப் பந்தயத்தை வென்றது. அதே காரை ஓகஸ்ட் 11ஆம் திகதி ஜோன் ஓட்டிப் பார்த்துக்கொண்டிருந்தபோது றோட்டில் ஒரு சைக்கிள்காரர் குறுக்கிட்டார். அவரில் மோதாமல் வெட்டியதில் கார் மரத்தில் அடிபட்டது. ஜோனுக்கு வயது முப்பது. மூன்று கிழமையில் இரண்டாம் உலக யுத்தம் தொடங்கியது.

1940இல் ஜேர்மன்காரர் அல்சாஸைப் பிடித்தார்கள். தொழிற்சாலையை விற்கும்படி எத்தோரேயைக் கட்டாயப்படுத்தி எடுத்தார்கள். யுத்தம் முடிந்து பிரான்ஸ் திரும்பி வந்தது. அப்பவும் தொழிற்சாலை அவர் கைக்கு வரவில்லை. அவர் இத்தாலியர், எதிரி நாட்டவர் எண்டு பிரெஞ்சு அரசு அதைத் தன் வசம் வைத்துக்கொண்டது. நாற்பது வருசத்துக்கு மேல் அந்தப் பக்கத்தில் வாழ்ந்து, பிரான்ஸின் நீல நிறத்தில் பந்தயம் வென்று கொடுத்தவர் அவர். கோட்டுப்படி ஏறினார். 1947இல் தொழிற்சாலை திரும்பக் கிடைத்தபோது அவர் படுத்த படுக்கை. ஓகஸ்ட் 21ஆம் திகதி கண்ணை மூடினார். மோல்ஸ்ஹைமுக்குப் பக்கத்தில் டோர்லிஸ்ஹைம் கிராமத்தில், மகனுக்கும் தம்பிக்கும் பக்கத்தில் அடக்கம் செய்யப்பட்டார்.

கொம்பனி அதுக்குப் பிறகு அதிக காலம் நிலைக்கவில்லை. 1963இல் இன்னொரு கொம்பனி வாங்கியது. இண்டைக்கு வருகிற புகாட்டி, 1998இல் ஃபோக்ஸ்வாகன் அந்தப் பேரை வாங்கியதால் வந்தது. ஆனால் பழைய கார்கள் சாகவில்லை. அதுக்குக் காரணம், அவரைக் கண்ணாலும் காணாத ஆட்கள். இங்கிலாந்தில் 1929இலேயே புகாட்டி வைத்திருப்போர் கழகம் தொடங்கியது. பிறெஸ்கொட் எண்ட இடத்தில் ஒரு மலைப்பாதையையே வாங்கி, 1938 தொடக்கம் அதில் பழைய கார்களை ஏற்றி ஓடுகிறார்கள். பழைய வரைபடத்தைப் பார்த்து ஒவ்வொரு பாகமாய்ப் புதிதாய்ச் செய்து போடுகிறவர்களும் இருக்கிறார்கள். பொருளாதாரத் தடைக் காலத்தில் ஏ40 காரை மண்ணெண்ணெயில் ஓட வைத்த யாழ்ப்பாண மெக்கானிக்மாரின் பிள்ளைகளுக்கு இந்தப் பைத்தியம் விளங்கும்.

ஆறு ரோயல்களில் ஒன்றின் கதையைக் கேளுங்கள். அதை 1932இல் வாங்கியவர் ஒரு ஜேர்மன் டொக்டர். ஹிட்லர் ஆட்சிக்கு வந்த பிறகு அவர் நாட்டை விட்டு வெளிக்கிட்டார். அந்தக் காரும் அவரோடு சீனாவுக்குப் போய், பிறகு நியூயோர்க் போனது. அங்கே குளிரில் தண்ணி உறைந்து எஞ்சின் புளொக் வெடித்துப் பழைய இரும்புக் கடையில் கிடந்தது. 1946இல் சாள்ஸ் செய்ன் எண்ட ப்யூக் கொம்பனி எஞ்சினியர் 400 டொலருக்கு வாங்கிச் சொந்தக் காசைக் கொட்டித் திருத்தினார். கறுப்பை வெள்ளையாக்கினார், ஒயில் பிறேக்கும் பூட்டினார். அது சரியா, இருந்தபடியே விட்டிருக்கவேணுமா எண்டு கார்ப் பிரியர்கள் இன்னும் வாதாடுகிறார்கள். இப்ப அது அமெரிக்காவில் ஹென்றி போர்ட் மியூசியத்தில் நிற்கிறது.

எத்தோரே தன் பாவனைக்கு வைத்திருந்த ரோயல் எங்களுக்குக் கிட்ட, மூலூஸ் நகரத்தில் இருக்கிறது. பாசலிலிருந்து ரெயினில் அரை மணித்தியாலம் வரும். அங்கே ஷ்லும்ப் சகோதரர்கள் எண்ட கம்பளி ஆலை முதலாளிகள் யாருக்கும் காட்டாமல் நாநூறுக்கு மேல் கார் சேர்த்தார்கள். நூறுக்கு மேல் புகாட்டி. 1976இல் ஆலை நொடித்தது. முதலாளிமார் சுவிஸுக்கு ஓடினார்கள். 1977 மார்ச்சில் வேலை போன தொழிலாளர்கள் கதவைத் திறந்தபோது, தங்கட உழைப்பு எங்கே போனது எண்டு கண்டார்கள். கோபத்தில் ஒரு சின்னக் காரை எரித்தார்கள். மற்றதுகளை உடைக்கவில்லை. இரண்டு வருசம் இடத்தைப் பிடித்து வைத்து, பொதுமக்களுக்குத் திறந்து காட்டினார்கள். அரசும் அதைத் தேசியச் சொத்தாகப் பாதுகாத்தது. 1982இல் அது முறையான மியூசியமாகியது.

நான் அங்கே போய் நின்றபோது முதலாளிமாரின் பெயர்களை எல்லாம் வாசித்தேன். எஞ்சினைக் கையால் சுரண்டியவனின் பெயர் எந்தக் காரிலும் பொறிக்கப்படவில்லை. ஆனால் அவன் எடுத்த மட்டம் நூறு வருசத்துக்குப் பிறகும் அப்படியே இருக்கிறது. புகாட்டியின் குடியுரிமையைப் பற்றி மூன்று நாடுகள் மூன்று விதமாய்ச் சொல்லின. காரைப் பற்றி ஒருவரும் இரண்டு விதமாய்ச் சொல்லவில்லை.

விடுமுறையில் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு போய்க் காட்டுங்கள். அதைச் செய்தவர் வந்தேறு குடி எண்டதையும், அதைக் காப்பாற்றியவர்கள் வேலை இழந்த தொழிலாளர்கள் எண்டதையும் சேர்த்துச் சொல்லுங்கள்.

அனைவருக்கும் சித்திரைப் புத்தாண்டு வாழ்த்துகள்.