ஆளுக்கு ஒரு வெள்ளி: டெரி பாக்ஸ் வரலாறு

சிங்கப்பூரில் தைப்பூசத் திருநாளன்று சிராங்கூன் சாலை சீனிவாசப் பெருமாள் கோயிலிலிருந்து டேங்க் ரோடு தெண்டாயுதபாணி கோயில் வரை காவடிகள் செல்வதை நம்மில் பலர் கண்டிருக்கிறோம். தூரம் மூன்று நான்கு கிலோமீட்டர்தான். ஆயினும் எவரும் முதல் நாள் எண்ணி மறுநாள் காவடி தூக்கிவிடுவதில்லை. பல நாள் நோன்பிருந்து, உடலையும் உள்ளத்தையும் பக்குவப்படுத்திய பின்னரே தோள் கொடுக்கின்றனர். மராத்தான் என்னும் நெடுந்தூர ஓட்டமும் அத்தகையதே. அதன் தூரம் 42 கிலோமீட்டர் 195 மீட்டர். ஜொகூர் பாலத்தருகே புறப்பட்டுத் தேக்கா வரை ஓடி, வந்த வழியே முக்கால் பங்கு திரும்பினால் ஏறத்தாழ அத்தூரம் வரும். இரு கால் உடையவரையே களைத்து விழச் செய்யும் அந்தத் தூரத்தை, ஒரு காலை இழந்த இளைஞர் ஒருவர் நாள்தோறும் ஓட முற்பட்டார். புற்றுநோய் ஆராய்ச்சிக்கு நிதி திரட்டுவதே அவர் நோக்கம். அவர்தாம் கனடா நாட்டு டெரி பாக்ஸ்.

1958ஆம் ஆண்டு ஜூலைத் திங்கள் 28ஆம் நாள் வின்னிபெக் நகரில் டெரி பிறந்தார். தந்தையார் இரயில்வேத் தொழிலாளி. பின்னர் குடும்பம் கனடாவின் மேற்குக் கரையோர மாநிலத்துக்குக் குடிபெயர்ந்து, போர்ட் கோக்விட்லம் என்னும் ஊரில் நிலைத்தது. டெரிக்குக் கூடைப்பந்தாட்டத்தில் அளவில்லா ஆசை. ஆனால் உயரமும் இல்லை, திறமையும் போதவில்லை. பள்ளிக் குழுவில் கடைசி ஆளாய்ச் சேர்ந்து, ஒரு பருவம் முழுவதிலும் ஒரே ஒரு நிமிடம்தான் ஆட வாய்ப்புப் பெற்றார். விட்டாரில்லை. விடாது பழகிப் பள்ளியின் சிறந்த விளையாட்டு வீரர் விருதை நண்பர் டக் ஆல்வர்டுடன் பகிர்ந்துகொள்ளும் நிலைக்கு உயர்ந்தார்.

1977ஆம் ஆண்டு மார்ச் மாதம் அவருடைய வலது முழங்காலில் எலும்புப் புற்றுநோய் இருப்பதை மருத்துவர்கள் கண்டனர். காலை முழங்காலுக்கு மேலே வெட்டி எடுக்க நேர்ந்தது. வயது பதினெட்டு. அறுவைக்கு முன்னாள், பயிற்சியாளர் ஒருவர் ஓர் இதழைக் கொண்டுவந்து தந்தார். ஒரு காலை இழந்தும் நியூயார்க் மராத்தானை ஓடி முடித்த ஒருவரைப் பற்றிய கட்டுரை அதில் இருந்தது. அது டெரியின் நெஞ்சில் விதையாய் விழுந்தது.

பதினாறு மாதம் கடுமையான மருந்துச் சிகிச்சை நடந்தது. உடன் சிகிச்சை பெற்றோருள் சிறுவர்களும் இருந்தனர். சிலர் அவர் கண்முன்னே மறைந்தனர். மற்றொன்றையும் டெரி அறிந்தார். அவர் பிழைப்பதற்கு நூற்றுக்கு 50 பங்கு வாய்ப்பு உண்டு என்றனர் மருத்துவர். இரண்டே ஆண்டுகளுக்கு முன் அந்நோய் வந்திருந்தால் வாய்ப்பு 15 பங்குதான். இடையில் நிகழ்ந்தது ஆராய்ச்சி; ஆராய்ச்சிக்கு வேண்டுவது பணம். இந்தக் கணக்குத்தான் அவரை ஓட வைத்தது என்பது நம் கருத்து.

1979ஆம் ஆண்டு பிப்ரவரியில் பயிற்சியைத் தொடங்கினார். அக்காலச் செயற்கைக் கால் நடப்பதற்கென்று செய்யப்பட்டது, ஓட்டத்துக்கு ஏற்றதன்று. அது முன்னே வந்து ஊன்றும் வரை நல்ல காலால் ஒருமுறை கூடுதலாகத் துள்ள வேண்டும். ஆதலால் ஒவ்வோர் அடிக்கும் இடக்கால் இருமுறை தரையை மிதித்தது. தொடக்கத்தில் அரை மைல் ஓடுவதே பெரும்பாடாய் இருந்தது. வெட்டுண்ட இடம் உராய்ந்து புண்ணாயிற்று, குருதி வடிந்தது. சிறிது நேரம் ஓடிய பின் வலி மரத்துப்போகும் என்பதைக் கண்டறிந்து, அந்தச் சிறிது நேரத்தைத் தாங்கப் பழகினார். ஒருகால் 101 நாள் இடைவிடாமல் ஓடினார். தாயார் கேட்டுக்கொண்டதற்காகக் கிறிஸ்துமஸ் ஒரு நாள் மட்டுமே ஓய்ந்தார். இவ்வாறு பதினான்கு மாதங்களில் 5,000 கிலோமீட்டருக்கு மேல் பயிற்சியிலேயே ஓடித் தீர்த்தார்.

அவ்வாண்டு பிரின்ஸ் ஜார்ஜ் நகரில் நடந்த நெடுந்தூரப் போட்டியில் முதன்முறையாகக் கலந்துகொண்டார். கடைசியாக வந்தார். அவருக்கு முன் வந்தவர் எல்லையைத் தொட்டுப் பத்து நிமிடம் ஆகியிருந்தது. கூடியிருந்தோர் கண்ணீரும் கைத்தட்டலுமாய் அவரை வரவேற்றனர். கனடாவையே குறுக்காக ஓடிக் கடக்கும் எண்ணத்தை அதன் பின்னரே வீட்டில் வெளியிட்டார். அன்னை மறுத்தார். மகனின் பிடிவாதத்தை அறிந்த தந்தையோ, எப்போது புறப்பாடு என்று மட்டும் வினவினார்.

1980ஆம் ஆண்டு ஏப்ரல் 12ஆம் நாள், செயிண்ட் ஜான்ஸ் நகரில் அட்லாண்டிக் கடல்நீரில் செயற்கைக் காலை நனைத்துப் புறப்பட்டார். நண்பர் டக் ஊர்தியில் உடன் சென்றார். விடியுமுன் எழுந்து ஓடத் தொடங்குவார். இருட்டோடு தோட்ட வேலைக்குப் புறப்படும் நம் பெற்றோர்க்கு அந்த நேரத்தின் அருமையை நாம் எடுத்துச் சொல்ல வேண்டியதில்லை. பனியும் எதிர்காற்றும் அவரை அலைக்கழித்தன. தொடக்கத்தில் பல ஊர்களில் கவனிப்பாரும் இல்லை. ஆனால் போர்ட் ஓ பாஸ்க் என்னும் சிற்றூரில் பதினாயிரம் பேர் வாழ்ந்தனர். அவ்வூர் பதினாயிரம் வெள்ளி திரட்டித் தந்தது. ஆளுக்கு ஒரு வெள்ளி! நாட்டு மக்கள் இரண்டு கோடியே நாற்பது இலட்சம் பேரும் ஆளுக்கு ஒரு வெள்ளி ஈந்தால் போதும் என்னும் எண்ணத்தை டெரி உறுதியாகப் பற்றிக்கொண்டார். ஜூலையில் டொராண்டோ நகரில் அவரைக் காணப் பதினாயிரம் பேர் திரண்டதைப் பலரும் வியந்து எழுதுவர். நமக்கோ அந்தச் சிற்றூரின் கொடையே பெரிதாய்த் தோன்றுகிறது.

தம் பெயரை விளம்பரத்துக்கு விற்க அவர் ஒருப்படவில்லை. அதே வேளையில், மருத்துவரிடம் செல்ல வேண்டிய நாள்களிலும் செல்லாமல் ஓடினார். இதனை நம் மாணவர் பின்பற்ற வேண்டா.

செப்டம்பர் முதல் நாள், தண்டர் பே நகரை அணுகுகையில் இருமலும் நெஞ்சுவலியும் மேலிட்டன. நோய் நுரையீரலுக்குப் பரவியிருந்தது. 143 நாளில் 5,373 கிலோமீட்டர் ஓடியிருந்தார். சிங்கப்பூர்த் தீவைக் கிழக்கு மேற்காக நூறு முறைக்கு மேல் கடக்கும் தூரம் அது. பசிபிக் கடலை அவர் எட்டவில்லை.

அதுவரை சேர்ந்த தொகை 17 இலட்சம் வெள்ளி. ஓட்டம் நின்ற மறுவாரமே ஒரு தொலைக்காட்சி நிகழ்ச்சியின் வாயிலாக ஒரு கோடிக்கு மேல் குவிந்தது. 1981 பிப்ரவரி முதல் நாள் மொத்தத் தொகை இரண்டு கோடியே நாற்பத்தொரு இலட்சத்தைக் கடந்தது. ஆளுக்கு ஒரு வெள்ளி என்ற கணக்கு நிறைவேறியதை டெரி உயிருடன் இருந்து கண்டார். ஜூன் 28ஆம் நாள், இருபத்து மூன்றாம் வயது நிறைய ஒரு மாதம் இருக்கையில் மறைந்தார்.

அவ்வாண்டு செப்டம்பரில் அவர் பெயரால் நடந்த முதல் ஓட்டத்தில் மூன்று இலட்சம் பேர் கலந்துகொண்டனர். பின்னாளில் அவ்வோட்டம் பல நாடுகளுக்கும் பரவிற்று. கோலாலம்பூரிலும், சிங்கப்பூரின் ஈஸ்ட் கோஸ்ட் பூங்காவிலும் நடந்திருக்கிறது. அதில் முதற்பரிசு என்று ஒன்று இல்லை. ஓடலாம், நடக்கலாம், சக்கர நாற்காலியிலும் வரலாம்.