ஆற்றை அளந்த ஒற்றைக் கை மேஜர்

வாய்க்காலின் கடைமடையில் நிலம் வைத்திருப்பவரா நீங்கள்? அப்படியானால் ஜான் வெஸ்லி பவலை உங்களுக்குப் பிடித்துப்போகும்.

1834ல் அமெரிக்காவின் நியூயார்க் மாகாணத்தில் பிறந்தவர். அப்பா ஊர் ஊராகப் போய்ப் பிரசங்கம் செய்பவர். அதனால் விஸ்கான்சினில் இருந்த குடும்பப் பண்ணையைச் சிறுவயதிலேயே பவல்தான் கவனித்தார். உள்நாட்டுப் போரில், 1862ல் ஷைலோ சண்டையில் வலது கையை இழந்தார். பிறகு வாழ்நாள் முழுக்க மேஜர் என்றே அழைக்கப்பட்டார்.

1869 மே மாதம் 4 படகுகளில், தம்மையும் சேர்த்து 10 பேருடன், யாரும் வரைபடம் போடாத கொலராடோ ஆற்றுப் பள்ளத்தாக்கில் இறங்கினார். 99 நாள் கழித்து வெளியே வந்தபோது மிஞ்சியது 2 படகும் 6 பேரும்தான். புத்தகங்கள் கொண்டாடுவது இந்தப் பயணத்தைத்தான். ஆனால் விவசாயிக்கு முக்கியம் அதற்குப் பின் அவர் செய்த வேலை.

அந்நாளில் மேற்கே நிலம் விற்றவர்கள், ஏர் ஓட்டினால் மழை பின்னாலேயே வரும் என்று சொல்லி ஆள் பிடித்தார்கள். பவல் மழைக் கணக்கைப் பார்த்தார். ஆண்டுக்கு 20 அங்குலத்துக்குக் குறைவாக மழை பெய்யும் இடத்தில் மானாவாரியை நம்ப முடியாது என்று 1878ல் அரசுக்கு அறிக்கை கொடுத்தார். எல்லோருக்கும் 160 ஏக்கர் என்ற சட்டம் வறண்ட பூமிக்கு ஒத்துவராது. பாசன நிலம் 80 ஏக்கர் போதும், மேய்ச்சல் நிலமானால் 2,560 ஏக்கர் வேண்டும் என்றார். தண்ணீர் உரிமை நிலத்தோடு ஒட்டியே இருக்கவேண்டும், பிரித்து விற்கக்கூடாது என்பதும் அதில் உண்டு. ஏன் என்று உங்களுக்குச் சொல்லவேண்டியதில்லை. யூட்டாவில் குடியானவர்கள் கூடி வாய்க்கால் வெட்டிப் பங்கிட்டுக்கொண்டதை நேரில் பார்த்தவர் அவர்.

1880களின் பிற்பாதியில் மழை பொய்த்தது. குடியேறிய பலர் நிலத்தைப் போட்டுவிட்டுத் திரும்பினார்கள். அப்போதுதான் ஆறுகளை அளக்கும் பொறுப்பு அவரிடம் வந்தது. 1889ல் ரியோ கிராண்டே ஆற்றில், எம்புடோ என்ற இடத்தில், நீரோட்டத்தை அளக்கும் நிலையம் வேலையைத் தொடங்கியது. அதே ஆண்டு மொன்டானாவில் அரசியல் சட்டம் எழுதக் கூடியவர்களிடம் போய், மாவட்ட எல்லைகளை நீர்ப்பிடிப்புப் பகுதிப்படி வகுக்கச் சொன்னார். ஒரே ஆற்றைக் குடிப்பவர்கள் ஒரே நிர்வாகத்தில் இருந்தால் சண்டை குறையும் என்பது அவர் கணக்கு. யாரும் கேட்கவில்லை. அளவெடுப்பு முடியும்வரை நிலம் கொடுப்பது நின்றதால் எதிர்ப்பு கிளம்பி, 1890ல் பணமும் வெட்டப்பட்டது.

1893ல் லாஸ் ஏஞ்சலஸில் பாசன மாநாடு. இருக்கிற நிலம் முழுவதற்கும் தண்ணீர் கிடையாது, இப்படியே போனால் வழக்கும் சண்டையும்தான் மிஞ்சும் என்று பேசியவரைக் கூச்சலிட்டு அவமதித்தார்கள். மறு ஆண்டு பதவியை விட்டார், 1902ல் இறந்தார்.

1922ல் கொலராடோ ஆற்றுக்காக 7 மாநிலங்களின் ஒப்பந்தம் உருவானது. மேல்படுகைக்கும் கீழ்படுகைக்கும் ஆண்டுக்குச் சுமார் 327 டி.எம்.சி. வீதம் பங்கு. ஆனால் கணக்கெடுத்தது நல்ல மழை பெய்த ஆண்டுகளை வைத்து. அவ்வளவு தண்ணீர் பிற்பாடு ஆற்றில் வரவில்லை. 1960களில் அணை கட்டித் தேக்கிய ஏரிக்குப் பவல் பெயரையே சூட்டினார்கள். 2023 தொடக்கத்தில் அதில் இருந்த நீர், கொள்ளளவில் கால் பங்குக்கும் குறைவு.